போர்வைக்காரியின் சூட்டுப்பாய்

ஆஸ்திரேலியாவின் தெற்கே, பல்லாரட்டில் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர் வெயிலையும் சேர்த்தே வாங்க வேண்டும். எங்கள் ஊரில் ஏப்ரல் முடிவதற்குள் குளிர் வந்து உட்கார்ந்துவிடும். அக்டோபர் வந்தாலும் எழுந்து போக அதற்கு மனசு வராது. மனிதர்கள் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, குளிரைத் திட்டிக்கொண்டே காலம் தள்ளலாம். பாம்பும் பல்லியும் அரணையும் என்ன செய்யும்? அவற்றின் உடம்புக்குள் அடுப்பு கிடையாது. வெளியிலிருந்து சூடு கிடைத்தால்தான் தின்றது செரிக்கும். அதனால் எங்கள் ஊர்வன வளர்ப்போர் சங்கத்தில் நாலு பேர் எங்கே கூடினாலும் பேச்சு கடைசியில் சூட்டுப்பாயில் வந்து நிற்கும். மெல்லிய பிளாஸ்டிக் பாய், உள்ளே கம்பி. பிளக்கைச் சுவரில் செருகினால் சூடேறும். பெட்டிக்கு அடியில் ஒட்டிவிட்டால் மேலே படுத்திருக்கும் ஜீவனுக்கு வயிறு கதகதப்பாக இருக்கும்.

இந்தப் பாயைப் பற்றி நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நாங்கள் நாற்பத்தொரு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். க்ளெனிஸ் பாஸ்கோ வந்த பிறகுதான் ஒன்றுமே தெரியாது என்று தெரிந்தது. அதை அவள் பக்குவமாக எடுத்துச் சொல்லவில்லை. பக்குவத்துக்கும் அவளுக்கும் வெகு தூரம்.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். இரண்டு நீலநாக்கு அரணைகளை வளர்க்கிறேன், பதினாறு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். இங்கே சொல்லப்போவதில் பாதி அந்தக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. மீதியைக் குறிப்பில் எழுத முடியாது. அதில் எனக்கே கொஞ்சம் அவமானம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

க்ளெனிஸ் இருபத்தேழு வருடம் குளிருக்குப் போர்த்த, உள்ளே கம்பி வைத்துச் சூடாக்கும் மின்போர்வைகளைச் செய்யும் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். போர்வை நன்றாகச் சூடாகிறதா என்று பார்க்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். இவள் வேலை அதைக் கெடுத்துப் பார்ப்பது. நூறு போர்வைக்கு ஒன்றை உருவி எடுப்பாள். கசக்குவாள், மடிப்பாள், மேலே தலையணையை அமுக்கி வைப்பாள், தேநீரைக் கொட்டுவாள். அப்புறம் எந்த இடத்தில் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று அளப்பாள். மடித்த இடத்தில் சூடு வெளியே போக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும் என்பது அவளுக்குக் கைவந்த பாடம். மேலாளர்கள் அவள் வருவதைக் கண்டாலே வேறு வழியாகப் போய்விடுவார்கள். ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு லாரிப் போர்வையைத் திருப்பி அனுப்ப வைத்தாள். அந்தக் கதையை இன்றைக்குக் கேட்டாலும் முதல் தடவை சொல்வது போலவே சொல்லுவாள்.

தொழிற்சாலை மூடிய வருடம் எதிர்வீட்டுக் குடும்பம் டார்வின் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அவர்கள் வளர்த்த கம்பள மலைப்பாம்பைக் கொண்டுபோக வழியில்லை. க்ளெனிஸ் அனுமதி எழுதி வாங்கி அதை எடுத்துக்கொண்டாள். இரண்டு மீட்டர் நீளம், பழுப்பு உடம்பு, தேங்காய்ப்பூ தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அதனால் சாக்லேட்டில் தோய்த்துத் தேங்காய்ப்பூவில் புரட்டும் லாமிங்டன் கேக்கின் பெயரையே வைத்தாள். கூப்பிடுவது லாமி. பாம்பைக் கூப்பிட்டு என்ன பிரயோசனம் என்று கேட்டால், தன் கணவர் இருந்த காலத்தில் அவரும் கூப்பிட்டால் வந்ததில்லை என்பாள்.

லாமியைத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முதன்முதலாக வந்தாள். அன்றைக்குத் தலைவர் டக் ஹாலோரன் புது உறுப்பினர்களுக்குச் சூட்டுப்பாய் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். டக் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். ஆண்டுக் கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு மின்சாதனத்தையும் சோதித்துப் பச்சைச் சீட்டுக் கட்டுவது அவன்தான். சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவியை நம்பாமல், பாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினான்.

"உள்ளங்கை தாங்குச்சுன்னா பாம்பும் தாங்கும். நாப்பது வருஷமா இதான் என் தெர்மோஸ்டாட்."

"உனக்குச் சுட்டா நீ கைய எடுத்துடுவ," என்றாள் பின்வரிசையிலிருந்து க்ளெனிஸ். "அது மொத்த உடம்பையும் வச்சுப் படுத்திருக்கு. எத எடுக்கும்?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து வந்து, டக்கின் பாயை மேசையில் விரித்து, மேலே தன் கம்பளிச் சட்டையை மடித்து வைத்து, நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகினாள். தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஐம்பத்திரண்டு டிகிரி. பாம்புக்கு முப்பத்திரண்டு போதும். அதோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். "பச்சைச் சீட்டு ஷாக் அடிக்காதுன்னு சொல்லுது. வேகாதுன்னு சொல்லல," என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள். டக் அவளுக்கு அந்த இடத்திலேயே போர்வைக்காரி என்று பெயர் வைத்தான். எங்கள் ஊரில் பட்டப்பெயர் வைத்தால் ஆளைச் சேர்த்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம். ஆனால் டக் வைத்தபோது அப்படி இல்லை.

அடுத்த நான்கு வருடம் கூட்டம் முடிந்ததும் அவள் மேசையைச் சுற்றித்தான் கும்பல். பாய் வாங்கப் போகிறவர்கள் முதலில் அவளிடம் பேச்சு வாங்கிக்கொண்டுதான் கடைக்குப் போனார்கள். பெட்டியின் தரை முழுவதையும் மூடும்படி பெரிய பாயாக ஒரு பெண்மணி வாங்கி வந்தாள். குளிர்ந்த மூலை வேண்டும் என்று பாம்பு நினைத்தால் அது எங்கே போகும், பக்கத்து வீட்டுக்கா என்று க்ளெனிஸ் கேட்டாள். தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாய் போகக் கூடாது என்பது அவள் கணக்கு. இன்னொருவர் பாலைவனம் மாதிரி இருக்கட்டும் என்று பாயின் மேல் ஒரு சாண் சிவப்பு மணலைக் கொட்டி, அதில் பல்லியை விட்டிருந்தார். சூடு தேடி அந்தப் பல்லி தோண்டிக்கொண்டே போய்ப் பாயைத் தொட்டுப் படுத்திருந்தது. மணல் சூட்டை மேலே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதை அவர் யோசிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியை மேசையோடு மேசையாக உட்கார வைத்தவர்களுக்கு, அடியில் காற்றுப் போக நாலு ரப்பர்க் கால்களை அவளே ஒட்டிக் கொடுத்தாள். மரப்பெட்டிக்கு வெளியே பாயை ஒட்டினால் பெட்டிதான் சூடாகும், பாம்பு சூடாகாது, பாயை உள்ளே வைத்து மேலே ஓடு பதித்து மூடு என்றாள். தாடி ஓணானுக்குப் பாய் கேட்டு வந்தவரைப் போய் விளக்கு வாங்கச் சொன்னாள், அதற்குச் சூடு தலைக்கு மேலிருந்து வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், தெர்மோஸ்டாட் இல்லாத பாயை அவள் பாயென்றே மதிக்கவில்லை. பாயின் சூட்டை ஒரு சிறு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். குறித்த அளவு வந்ததும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். கண்காட்சியில் தெர்மோஸ்டாட் இல்லாத பாய்க்கு இடமில்லை என்று ஒரு விதி கொண்டுவர வேண்டும் என்பது அவள் பிடிவாதம்.

டக் மூன்று வருடம் அதைத் தள்ளிப் போட்டான். நான்காவது வருடம் ஜூன் மாதக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று முடிவானது. நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். க்ளெனிஸ் பக்கம் இருபத்தைந்து பேராவது தேறும்.

மே மாதம் மூன்றாவது வாரம், அக்காவைப் பார்க்க இரண்டு நாள் ஹார்ஷம் போனாள் க்ளெனிஸ். லாமிக்கு அப்போது தோல் உரிக்கும் நேரம். கண் பால் படிந்து வெளுத்திருந்தது. தோல் நன்றாக ஊறி உரிய வேண்டும் என்று, எங்களில் யாராக இருந்தாலும் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள். வழக்கமான சின்னக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, பாம்பு மொத்தமாகச் சுருண்டு இறங்கும் அளவுக்குப் பெரிய தண்ணீர்த் தொட்டியைப் பெட்டிக்குள் வைத்தாள். இடம் போதாமல் அது பாயின் மேல் பதித்த ஓட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது.

தோல் உரிக்கும் பாம்பு உரசிக்கொள்ள ஏதாவது தேடிக்கொண்டே இருக்கும். லாமி தெர்மோஸ்டாட்டின் சென்சார் வயரில் உரசியிருக்கிறது. ஓட்டின் மேல் ஒட்டியிருந்த டேப் மாதக்கணக்கான சூட்டில் பசை போயிருந்தது. டேப் விட்டு, சென்சாரின் நுனி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. தண்ணீர் பதிமூன்று டிகிரி. பெட்டி குளிர்ந்து கிடக்கிறது என்று நம்பிய தெர்மோஸ்டாட், பாயை நிறுத்தவே இல்லை. பல்லாரட் குளிருக்கு என்று க்ளெனிஸ் வாங்கிப் போட்டதோ ஒரு அளவு பெரிய பாய். தெர்மோஸ்டாட்தான் இருக்கிறதே, கொஞ்சம் வலுவான பாயாக இருந்தால் என்ன என்று நினைத்திருக்கிறாள். தொழிற்சாலையில் வேறொருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது லாமி ஓட்டின் மேலேயே கிடந்தது. வயிறு சுட்டால் நகர வேண்டும் என்று பாம்புக்குச் சட்டென்று தோன்றாது. வெயிலில் காய்ந்த பாறை இப்படித்தான் இருக்கும் என்று படுத்துக்கொண்டே இருந்துவிடும். தூக்கிப் பார்த்தால் வயிற்றுச் செதில்கள் ஒரு கை நீளத்துக்குக் காவி நிறமாகிக் கொப்பளித்திருந்தன.

எனக்கு அவள் தொலைபேசியில் சொன்னது மூன்று வார்த்தைதான். "லாமியச் சுட்டுட்டேன். வா."

கால்நடை மருத்துவர் இங்க்ரிட் வால்ஷிடம் காரில் கொண்டுபோனோம். நான் ஓட்டினேன். இவ்வளவு தூரத்தில் ஒரு தடவைகூட அவள் என் ஓட்டுதலைக் குறை சொல்லவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. மருத்துவர் ஊசி போட்டார், வெள்ளைக் களிம்பு கொடுத்தார், மரத்தூளை அள்ளிவிட்டு வெறும் காகிதத் துண்டு விரிக்கச் சொன்னார். பிழைக்குமா என்று க்ளெனிஸ் கேட்டாள்.

"பாம்பு சாகறதும் மெதுவாத்தான், பொழைக்கறதும் மெதுவாத்தான்," என்றார் மருத்துவர். "மாசக்கணக்காகும். ஒரு தடவ வயித்துத் தோல் கிழியாம முழுசா உரியட்டும். அப்பதான் நான் சொல்லுவேன் பொழைச்சுடுச்சுன்னு."

வரும் வழியில் க்ளெனிஸ் ஒன்று சொன்னாள். "இது செத்துச்சுன்னா நான் இனிமே எதையும் வளக்க மாட்டேன். ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லித்தரவும் மாட்டேன். அந்த யோக்கியதை எனக்கு இல்ல." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

இங்கேதான் என் அவமானம் வருகிறது. ஓட்டெடுப்புக்கு மூன்று வாரம் இருந்தது. இந்த விஷயம் வெளியே தெரிந்தால் டக்குக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஓட்டு முடியும் வரை வாயைத் திறக்காதே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் அவளிடம் சொன்னேன். செயலாளராக இருந்துகொண்டு, அவள் சமையலறையில் உட்கார்ந்து, அவள் சுட்ட ஸ்கோன் ரொட்டியைத் தின்றுகொண்டு சொன்னேன். அவள் லாமிக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லலைன்னா, அடுத்த ஆளும் தோலுரிக்கற நேரத்துக்குப் பெரிய தொட்டியத்தான் வைப்பான்," என்றாள். "நீயும் வைப்ப." 

உண்மைதான். என் அரணைகள் தோல் உரிக்கும்போது நானும் அதையேதான் செய்துவந்தேன். மீதி ஸ்கோனைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். குளிர்காலத்தில் அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. சமாசாரம் எப்படியோ கசிந்திருந்தது. க்ளெனிஸ் ஒரு தள்ளுவண்டியில் லாமியின் காலிப் பெட்டியைக் கொண்டுவந்து முன்மேசையில் வைத்தாள். அதே பாய், அதே ஓடு, அதே தெர்மோஸ்டாட். தன்னுடைய பாய், தெர்மோஸ்டாட் போட்ட பாய், தன்னுடைய பாம்பைச் சுட்டுவிட்டது என்று ஆரம்பித்து, பெரிய தொட்டி, பசை போன டேப், தண்ணீரில் விழுந்த சென்சார், ஒரு அளவு பெரிய பாய் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். தன்னை எங்கேயும் காப்பாற்றிக்கொள்ளவில்லை.

டக் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "அப்ப நாலு வருஷமா எங்களுக்கு எடுத்த பாடம்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடேறியது.

"பாதிதான் எடுத்திருக்கேன்," என்றாள் க்ளெனிஸ். "மீதிய இன்னிக்கு எடுக்கறேன், உக்காரு."

பாயின் பிளக்கைச் செருகினாள். அரை மணி நேரத்தில் ஓடு முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது. டக்கைக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னாள். வைத்தான், இதமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னான். பிறகு அவள் சென்சாரின் நுனியை எடுத்து, பீர் குளிரவைக்கிற ஐஸ் பெட்டியிலிருந்து அள்ளிய ஐஸ்தண்ணீரில் முக்கினாள். ஓட்டின் மேல் ஒரு துண்டை மடித்துப் போட்டாள், லாமி படுத்திருந்த மாதிரி. போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரையும் அனுப்பினாள்.

முக்கால் மணி கழித்துத் துண்டை எடுத்தாள். வெப்பமானியை யாருக்கும் காட்டவில்லை. டக்கைத்தான் மறுபடி கூப்பிட்டாள். அவன் உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்தான்.

"ஏன் எடுத்த?"

டக் கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான்.

"ஏன் எடுத்த, டக்?"

"சுடுது."

"அதுக்கும் சுட்டுச்சு," என்றாள். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் குரல் உடைந்தது. உடனே சரி செய்துகொண்டு வெப்பமானியைத் திருப்பிக் காட்டினாள். ஐம்பத்தாறு.

அதன்பிறகு பேசியது முழுக்கத் தொழிற்சாலைக்காரி. தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்வி, அது ஏமாந்துபோனால் பாய் என்ன செய்யும் என்பதுதான் முழுக் கேள்வி என்றாள். சென்சாரைப் பாம்பு தொட முடியாத இடத்தில், டேப்பால் ஒட்டாமல், கிளிப் போட்டுத் திருகி வைக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி எப்போதும் எதிர்மூலையில் இருக்க வேண்டும். தேவைக்கு மேல் வலுவான பாய் கூடாது. இவை போக, முதல் தெர்மோஸ்டாட் ஏமாந்தாலும் முப்பத்தாறில் மின்சாரத்தைத் துண்டிக்கத் தனிச் சென்சாரோடு இரண்டாவது ஒன்று வேண்டும். கண்காட்சிக்கு வரும் ஒவ்வொரு பெட்டியையும் வாசலில் ஐஸ்தண்ணீர் வைத்துச் சோதிக்க வேண்டும், துண்டுக்கு அடியில் நாற்பதைத் தாண்டினால் உள்ளே விடக்கூடாது. அவள் முதலில் கேட்ட விதியைவிட இது இரண்டு மடங்கு கடுமை. டக்கின் பக்கம் இருந்தவர்களே கிளிப்பின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஓட்டெடுத்தோம். ஆதரவாக முப்பத்தெட்டு, எதிராக மூன்று, ஒருவர் கழிப்பறையில். எதிர்த்தவர்களில் டக்கும் உண்டு. தன் பெயரைக் குறிப்பில் எழுதச் சொன்னான், எழுதினேன். நான்கு வருடமாக அசையாத தேர் ஒரே மத்தியானத்தில் நகர்ந்தது. குறிப்புப் புத்தகத்தில் அந்த எண்களுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன், செயலாளர் செய்யக்கூடாத காரியம்தான்.

ஆனால் க்ளெனிஸ் சந்தோஷப்படவில்லை. வீட்டில் லாமி எதையும் தின்னாமல் கிடந்தது. சூட்டுக்குப் பெட்டியின் கூரையில் கூண்டு போட்ட விளக்கு வைத்திருந்தாள். காலையும் மாலையும் காகிதத் துண்டை மாற்றி, களிம்பு தடவினாள். ஜூலையில் முதல் தோல் உரிந்தது. வயிற்றுப் பக்கம் துண்டு துண்டாகக் கிழிந்து, பாதி உடம்போடு ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான ஈரத்துணியில் வைத்து இரண்டு நாள் ஊறவைத்து எடுத்தாள். ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது. கிழிசல் உள்ளங்கை அகலமாகக் குறைந்திருந்தது. செப்டம்பரில் ஒரு சுண்டெலியை விழுங்கியது. எனக்கு அழைப்பு வந்தபோது மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பிழைத்துவிட்டதா என்றேன். மருத்துவர் சொன்னதை மறந்துவிட்டாயா, தோல் முழுதாக வரவில்லையே என்று என்னையே கடிந்துகொண்டாள்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை கண்காட்சி. மண்டப வாசலில் மேசை போட்டு, ஐஸ் வாளியும் வெப்பமானிகளும் பரப்பி, நானும் இன்னும் இரண்டு பேரும் ஏழு மணியிலிருந்து சோதித்துக்கொண்டிருந்தோம். க்ளெனிஸைக் காணோம். எட்டரைக்குள் ஏழு பெட்டிகள் தோற்றுவிட்டன. தோற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கார்களுக்குப் போய், கிளிப்பையும் ஸ்க்ரூ டிரைவரையும் தேடிக்கொண்டிருந்தார்கள். டக் தன் வைர மலைப்பாம்புப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரிசையை மதிக்காமல் நேரே வந்தான். பெட்டியில் அவன் கட்டிய பச்சைச் சீட்டு ஆடியது. தலைவர் என்ற முறையில் உள்ளே போவேன் என்றான். விதி எல்லோருக்கும் விதி என்றேன். சீட்டு இருக்கிறது என்றான். எங்கள் இருவர் குரலும் ஏறியது. வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் க்ளெனிஸின் கார் வந்தது. அவள் இறங்கி நடக்கவில்லை, ஓடி வந்தாள். அறுபத்தாறு வயதில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டில் போட்டுக்கொள்ளும் செருப்பு காலில், தலை வாரவில்லை. கையில் சுருட்டிய ஒரு துவாலை. எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. மேசையிலிருந்த வெப்பமானிகளை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டு, துவாலையை விரித்து, அதற்குள்ளிருந்ததை மெதுவாக நீளவாக்கில் நீட்டினாள்.

பாம்புத் தோல். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டு. மேசை போதாமல் வால் பக்கம் கீழே தொங்கியது. அவள் அதைப் புரட்டி வயிற்றுப் பக்கத்தைக் காட்டினாள். படிக்கட்டு போல வரிசையாகச் செதில்கள், ஒன்றுகூட விடாமல். நடுவில் ஓரிடத்தில் மட்டும், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கம்.

"முழுசா," என்றாள். மூச்சு வாங்கியது. "காலைல அஞ்சரைக்கு. முழுசா வந்துடுச்சு."

நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள், பின்னால் நின்று ஒன்றும் தெரியாதவர்களும் சேர்ந்து தட்டினார்கள். கிழவி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். அழுதுகொண்டே, இவ்வளவு நேரமாகியும் பத்துப் பெட்டிதானா சோதித்திருக்கிறீர்கள் என்று எங்களைத் திட்டினாள்.

டக் கைதட்டவில்லை. குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அந்தத் தோலின் வயிற்றை ஒரு விரலால் செதில் செதிலாகத் தடவிக்கொண்டே போனான். சுருக்கம் விழுந்த இடத்தில் விரல் நின்றது. நாற்பது வருடம் பாம்பு வளர்த்தவன், அந்த இடம் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு தன் பெட்டியை வண்டியிலிருந்து தூக்கி மேசை மேல் வைத்தான். பாம்பை எடுத்துத் துணிப்பைக்குள் விட்டுக் கட்டினான். சென்சார் வயரை உருவி க்ளெனிஸின் கையில் கொடுத்தான்.

"முக்கு," என்றான்.

க்ளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு முக்கினாள். நாற்பது நிமிடம் டக் அந்த மேசையை விட்டு நகரவில்லை. தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடிக்காமல் ஆறவிட்டான். துண்டை எடுத்தபோது நாற்பத்தொன்பது.

"தோத்துட்ட, டக்," என்றாள் க்ளெனிஸ், மண்டபத்தின் மறுகோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. அவளிடம் பெருந்தன்மையை எதிர்பார்க்கக் கூடாது, அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. "போய் ரெண்டாவது தெர்மோஸ்டாட்ட மாட்டிட்டு வா."

டக் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனான். கிளிப், திருகு, இரண்டாவது தெர்மோஸ்டாட் எல்லாம் பொருத்தி முடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பி வந்தான். நேரே மேசைக்கு வரவில்லை. வரிசையின் கடைசியில், ஆறு பேருக்குப் பின்னால் போய் நின்றான்.